மேட்டுத்தெருவுக்கு ஏறாத தண்ணீர்

ஒன்றிய அலுவலகங்களில் புதிதாக ஓவர்சியராகவும் உதவிப் பொறியாளராகவும் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நம் பொறியாளர் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டவர்கள், நான் கட்டிய சிறுபாலங்களையும் பள்ளிக்கூடக் கட்டடங்களையும் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அவற்றில் எதுவும் இடிந்து விழவில்லை. என் பிரிவு உபசாரக் கூட்டத்தில் இதையே நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். நானும் கழுத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டடம் விழுந்தால் ஊரே கூடிப் பார்க்கும், விசாரணை வரும், பெயர் வெளியே வரும். நான் செய்த கெடுதல் சத்தம் போடவில்லை. ஓர் அறிக்கையில் இரண்டு வரி எழுதினேன். அவ்வளவுதான். அதைத்தான் சொல்லப்போகிறேன். படித்து முடித்ததும் என் மேல் இருக்கும் மரியாதை குறைந்தால் குறையட்டும்.

ஊரின் பெயர் வேண்டாம். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பொம்மிடி போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். சாலையோரம் தாழ்வு, உள்ளே போகப் போக மேடு. மேட்டின் உச்சியில் நாற்பது நாற்பத்தைந்து வீடுகளோடு மேட்டுத்தெரு. கரும்பு வெட்டவும் கிழங்கு பிடுங்கவும் போகிற சனம். ஆண்களில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். அந்தத் தெருவின் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. பார்க்கத் தெளிவாக இருக்கும், குடித்தால் ருசியாகவும் இருக்கும். அதைக் குடித்து வளர்கிற பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும். அதையே குடித்துப் பெரியவர்களானால் மூட்டு இறுகும், முதுகு வளையும். காய்ச்சினாலும் போகாது.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றுத் தண்ணீர் அந்த ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு வந்து சேர்ந்த அன்று நான் அங்கே இருந்தேன். மேட்டுத்தெரு போரின் மோட்டாரைக் கழற்றவைத்து, குழாயில் சிவப்பு வண்ணம் அடித்து, ‘குடிக்க உகந்ததல்ல’ என்று எழுதவைத்தவன் நான்தான். குழாயடியில் மாதம்மாள் என்ற பெண் ஒரு சொம்பில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

“குடிச்சிப் பாருங்க சார். சப்புன்னுதான் இருக்குது. ஆனா நல்ல தண்ணின்னு சொல்றாங்க.”

அவள் இடுப்பில் கைக்குழந்தை, முதல் பெண். மாதம்மாளுக்கே அப்போது முப்பது வயது ஆகியிருக்காது. அதற்குள் கழுத்து இறுகிப்போயிருந்தது. யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப அவளால் முடியாது, உடம்போடு திரும்புவாள். எட்டாவது வரை படித்திருந்ததால், பின்னால் ஊராட்சியில் அவளையே தொட்டி இயக்குகிற வேலைக்குப் போட்டார்கள். தினமும் காலையில் தொட்டியடிக்குப் போய், தெருவுக்குத் தெரு முறை வைத்து வால்வைத் திறந்து மூட வேண்டும். வால்வு திறக்கிற இரும்புச் சாவி கை நீளத்துக்கு இருக்கும். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பாள்.

மூன்று வருடம் அப்படிப் போயிற்று. பிறகு சாலையோரத்து மரவள்ளிக்காடு மனையாக மாறியது.

நிலத்தை விற்ற குடும்பத்தை நான் குறை சொல்லமாட்டேன். கிணறு வற்றி, பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போன பிறகுதான் விற்றார்கள். வாங்கியவர் கல் நட்டு, சாலை போட்டு, வாசலில் வளைவு கட்டி, வண்ணக் கொடிகளைப் பறக்கவிட்டார். நூறு மனைக்கு மேல். பொம்மிடி ரயில் நிலையம் பக்கம் என்று பெரிய பலகை. அங்கே வரப்போகும் வீடுகளுக்கு ஊராட்சிதான் குடிநீர் கொடுக்க வேண்டும். இருக்கிற தண்ணீர் அதற்குப் போதுமா என்று எங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அறிக்கை தேவை. கோப்பு என் மேசைக்கு வந்தது.

நேரில் போய்ப் பார்த்தேன். மாதம்மாளும் சாவியோடு கூட வந்தாள். கல் நட்ட வரிசைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இத்தினி வூட்டுக்கும் எங்கிருந்துங்க சார் தண்ணி?”

“இதே தொட்டியிலிருந்துதாம்மா.”

“இப்பவே மேட்டுத்தெருவுக்குத் தண்ணி ஏறறதுக்குள்ள தொட்டி காலியாயிருதுங்க. கடேசி நாலு வூட்டுக்காரங்க நெதம் என்னையத்தான் வையறாங்க. இவுங்க பள்ளத்துல இருக்கறாங்க. வால்வ தொறந்தா மொதல்ல இங்கதான பாயும்?”

“அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணுவாங்கம்மா.”

அவள் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தாள். “யாருங்க சார்?” என்றாள்.

நான் வண்டியை எடுத்தேன்.

அலுவலகத்துக்கு வந்து பென்சிலில் கணக்குப் போட்டேன். அதில் தப்பில்லை. ஊருக்கு ஒதுக்கிய தண்ணீர் இவ்வளவு, ஆட்கள் இவ்வளவு, புதிதாக வருகிறவர்கள் இவ்வளவு. போதாது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போட்டாலும் அதே விடைதான் வரும். தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். எனக்கு எஸ்டிமேட் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர். கெட்டவர் இல்லை. என் மகள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கேட்காமலேயே தன் வண்டியையும் டிரைவரையும் ஒரு வாரம் விட்டுக்கொடுத்தவர். என் தாளை நிதானமாகப் பார்த்தார்.

“கணக்கு சரிதாம்பா. ஆனா இது எல்லா மனையிலயும் வீடு வந்துட்டா. இப்ப அங்க ஒரு வீடு இருக்கா?”

“இல்லைங்க சார்.”

“வாங்கிப் போடறவன் பாதிப்பேர் இருபது வருசத்துக்கு வீடு கட்டமாட்டான். அதுக்குள்ள திட்டத்துல ரெண்டாவது கட்டம் வந்துடும். இல்லாத வீட்டுக்கு இன்னைக்கே ஏன் தண்ணி இல்லைன்னு எழுதற? போதாதுன்னு எழுதினா ஃபைல் நம்மகிட்டயே திரும்பி வரும். போதும்னு எழுதினா போயிடும்.”

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரிடமும் நான் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை. மிரட்டியிருந்தால் ஒருவேளை எதிர்த்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் சொன்னது நியாயமாகப் பட்டது, அன்று சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டிய கோப்புகள் வேறு கிடந்தன. எழுதினேன்: ‘தற்போதுள்ள குடிநீர் ஆதாரம் போதுமானது. எதிர்காலத் தேவைக்கு உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’

தம்பி தங்கைகளே, ‘எடுக்கப்படும்’ என்று எழுதும்போது கொஞ்சம் கையை நிறுத்துங்கள். யார் எடுப்பார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஒரு பெயரோ ஒரு பதவியோ வாயில் வரவில்லையென்றால், எடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம். மாதம்மாள் என்னிடம் கேட்டதும் அந்த ஒரு கேள்விதான். எட்டாம் வகுப்புப் படித்தவளுக்குத் தோன்றியது, டிப்ளமோ படித்த எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. தள்ளிவைத்தேன்.

இருபது வருடம் ஆகவில்லை, மூன்றே வருடத்தில் பாதிக்கு மேல் வீடுகள் வந்துவிட்டன. ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள், திருப்பூரிலிருந்து திரும்பி வந்தவர்கள், தர்மபுரி டவுனில் வாடகைக்கு இருந்து சலித்தவர்கள். எல்லோரும் தரைக்குக் கீழே தொட்டி கட்டினார்கள். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று முதலில் ஒருவர் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினார். அப்புறம் பக்கத்து வீட்டில் வைத்தார்கள். அந்தக் கோடையில் மேட்டுத்தெருக் குழாய்களைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

நான் செய்ய முடிந்ததைச் செய்தேன். புதுமனைகளுக்கு ஒரு மணி நேரம், மேட்டுத்தெருவுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை மாற்றி, மாதம்மாளிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது நாளே புதுமனைக்காரர்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் ரஹீம் பாய். தர்மபுரியில் கிரில் பட்டறை வைத்திருப்பவர். கதவு, சன்னல், கைப்பிடிச் சுவர் என்று ஊருக்கெல்லாம் செய்து கொடுத்துவிட்டு, ஐம்பது வயதில் தனக்கென்று முதல்முறையாக ஒரு கதவு செய்தவர். சத்தம் போடவில்லை. கையில் மனை விற்றவர் கொடுத்த வழவழப்பான விளம்பரப் புத்தகம் இருந்தது. அதைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

அதில் என் அறிக்கை இருந்தது. என் கையெழுத்தோடு, முத்திரையோடு, ஒரு பக்கம் முழுக்க அச்சடித்திருந்தார்கள்.

“இதைப் பாத்துதான் சார் வாங்கினேன்” என்றார் ரஹீம் பாய். “என் சம்சாரம் கேட்டா, அங்க போயி தண்ணிக்கு அலையணுமான்னு. கவர்மெண்ட்டு இன்ஜினியரே எழுதிக் குடுத்துருக்காரு, பாருன்னு இந்தப் பக்கத்தத்தான் காட்டினேன்.”

நான் முறை மாற்றியதற்கான காரணத்தைச் சொன்னேன். மேட்டுத்தெருவைப் பற்றிச் சொன்னேன். அவர் தலைகுனிந்தபடி கேட்டார்.

“எங்க வீதியில எல்லாரும் மோட்டார் போட்டுட்டாங்க சார். நான் போடலைன்னா என் வூட்டுக்குத் தண்ணி வராது. போட்டா அவுங்களுக்குப் போவாது. அவுங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான். நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க.”

மோட்டாரைக் கழற்றச் சொல்லலாம். ஒரு வீட்டில் கழற்றினால் அடுத்த வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். எல்லா வீட்டிலும் கழற்ற என்னிடம் ஆள் இல்லை. கேட்டு எழுதினேன், பதில் இல்லை. போதாது என்று இப்போதாவது எழுதலாமா? போதுமானது என்று எழுதிய அதே கை அதை எழுத வேண்டும்; எழுதவில்லை. ரஹீம் பாய் புத்தகத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். பழைய முறையையே வைக்கச் சொன்னேன். மாதம்மாள் நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து மேட்டுத்தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு பொம்மிடி சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். உச்சிவெயில். இரண்டு பக்கமும் பஸ்கள், கிழங்கு லாரிகள், தீர்த்தமலைக்குப் போகிற ஒரு வேன். வருவாய்த் துறையிலிருந்து வந்திருந்தார்கள், போலீஸ் வந்திருந்தது. மாதம்மாள் ஊராட்சி வேலையில் இருக்கிறவள் என்பதால் சாலையில் உட்காரமுடியாமல் புளியமரத்தடியில் தனியாக நின்றாள். உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி அவளைப் பார்த்துக் கத்தினாள்: “சாவிய வெச்சிக்கினு நிக்கிறா பாரு, ரோட்டோரத்து வூட்டுக்காரங்களுக்குச் சேவகம் பண்றவ!”

மாதம்மாளின் முகம் அப்படியே இருந்தது. திரும்பிக்கொள்ளவும் அவளால் சட்டென்று முடியவில்லை.

வருவாய் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீங்க டெக்னிக்கல் ஆளு. அரை மணி நேரத்துல என்ன குடுக்க முடியும்? அதை மட்டும் சொல்லுங்க. இல்லைன்னா தடியடியில போய் முடியும்.”

அரை மணி நேரத்தில் ஆற்றுத் தண்ணீரை மேட்டில் ஏற்ற முடியாது. என்னால் கொடுக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான். பழைய போரில் மோட்டாரை மாட்டினால் சாயங்காலமே தண்ணீர் வரும். சொன்னேன். அதிகாரியின் முகம் தெளிந்தது. மைக்கில் அறிவித்தார். பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். வண்டிகள் நகர்ந்தன.

மாதம்மாள் மட்டும் என்னிடம் வந்தாள். “அந்தத் தண்ணியா சார்?”

“துவைக்க, குளிக்க மட்டும்னு சொல்லுங்கம்மா.”

“குடிக்க?”

“கொஞ்ச நாளைக்குத்தான். ஏற்பாடு பண்ணிடலாம்.”

மோட்டாரை மாட்டுகிற எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். குழாயில் நான் அடிக்கவைத்த சிவப்பு வண்ணத்தின் மேல் நீலம் அடித்தார்கள். அன்று மாலை மேலதிகாரி போன் செய்து, “ஒரு அடிதடி இல்லாம முடிச்சிட்டப்பா” என்று பாராட்டினார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெயிலில் தொண்டை வறண்டிருந்தது. என் வண்டிப் பெட்டியில் எப்போதும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் இருக்கும். எடுத்துக் குடித்தேன்.

நெருக்கடி நேரத்தில் எடுக்கிற முடிவு அந்த நெருக்கடியை மட்டும் பார்க்கும். பஸ் நகர்ந்தால் போதும், கூட்டம் கலைந்தால் போதும் என்றிருக்கும். அப்படித் தோன்றாமலிருக்க எனக்கு வழி தெரியவில்லை. அந்த இடத்தில் இன்னொரு முறை நின்றாலும் அதையே செய்வேனோ என்ற பயம் எனக்கு உண்டு. தடியடி நடந்திருந்தால் அந்தப் பெண்களின் மண்டைதான் உடைந்திருக்கும். ஒன்று மட்டும் தெரிகிறது. மறுநாள் காலையில் நான் மறுபடி அங்கே போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் வாரம் ஒருமுறை போய், குடிக்கிற தண்ணீருக்கு மட்டுமாவது ஒரு லாரி பிடித்திருக்க வேண்டும். கூட்டம் கலைந்ததும் கோப்பும் கலைந்துவிட்டது. கொஞ்ச நாள் என்றது வருடங்களாயிற்று. நான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வுக்குப் பிறகு, என் இடத்துக்கு வந்திருந்த ஒரு பெண் போன் செய்தாள். முதல் மனைகளை ஒட்டி இன்னொரு மனைப்பிரிவு வருகிறதாம். கோப்பில் என் பழைய அறிக்கையை முன்மாதிரியாக வைத்திருக்கிறார்களாம்.

“உங்க வார்த்தையையே போட்டுக்கச் சொல்றாங்க சார். போடலாங்களா?”

“போடாதம்மா. கணக்கு எழுது. போதாதுன்னு எழுது” என்றேன்.

எழுதினாள். இரண்டே மாதத்தில் மாவட்டத்தின் இன்னொரு மூலைக்கு மாற்றல். கைக்குழந்தைக்காரி. அடுத்து வந்தவர் எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்தார். அந்தத் தங்கை இதைப் படிப்பாள். அம்மா, நீ எழுதியது சரி. அதனால் எதுவும் நிற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆறுதலாக வேறு சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அவள் மாற்றலாகிப் போன செய்தி கேட்ட வாரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். இரண்டாவது மனைப்பிரிவுக்கும் வளைவு எழும்பியிருந்தது. மேட்டுத்தெருவில் மாதம்மாள் வீட்டு வாசலில் அவளுடைய இரண்டு பெண்களும் உட்கார்ந்து, பறித்து வந்த நிலக்கடலையை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மூத்தவள் நன்றாக வளர்ந்திருந்தாள். “அம்மா, யாரோ சார் வந்துருக்காரு” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டுவிட்டுச் சிரித்தாள். வெள்ளைப் பற்கள். அந்தத் தெருவில் அந்த வயதுப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் அப்படிப் பல் இல்லை. சின்னவளுக்கு எட்டு வயது இருக்கும். ஏதோ நினைத்து அவளும் சிரித்தாள். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் பார்த்துவிட்டேன். முளைத்திருந்த முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள்.

ஒரே வீடு, ஒரே தாய். மூத்தவளுக்குப் பல் உருவாகிற வயதில் ஆற்றுத் தண்ணீர். சின்னவளுக்கு அந்த வயதில், நான் நீலம் அடித்துக் கொடுத்த குழாயின் தண்ணீர்.

மாதம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கிக்கொண்டேன். வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன்.

“தொட்டியிலதானம்மா வேலை பாக்கறீங்க. வால்வ தொறக்கறதுக்கு முந்தி தினம் ஒரு கொடம் புடிச்சிருக்கலாமே. சின்னப் புள்ளைக்காச்சும்.”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“எப்பிடிங்க சார்? நாப்பது வூட்டுப் புள்ளைங்களும் போர்த் தண்ணி குடிக்குதுங்க. எம் புள்ளைக்கு மட்டும் ஆத்துத் தண்ணி தூக்கினு இந்தத் தெருவுக்குள்ள எப்பிடி வர்றது? சாவி என் கையிலதாங்க இருக்குது.”

அந்தச் சின்னப்பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாதம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பள்ளிக்கூடத்துல எவனோ ‘பல்லு வெளக்காதவ’ன்னுட்டானாம். அதுலேருந்து சாம்பலு, செங்கத்தூளுன்னு எதக் கண்டாலும் எடுத்துத் தேக்கறா. ஈறெல்லாம் ரத்தம். சார், நீங்க படிச்சவங்க. அது தேச்சாப் போவுங்களா?”

“போகாதும்மா. அது மேல படிஞ்ச கறை இல்ல. பல்லே அப்படி ஆயிடுது.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

வீட்டுப் பக்கம் உடம்போடு திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “அன்னிக்கே உங்களுக்குத் தெரியுங்களா சார், அந்த மோட்டார மாட்டச் சொன்னப்ப?”

“தெரியும்” என்றேன்.

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதாமலே இருந்திருப்பேன். தண்ணீர் விடுகிற நேரமாயிற்று என்று சொல்லி, சுவரில் சாய்த்திருந்த சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, தாழ்ந்த பக்கம் நடந்தாள். நான் சொம்பை வாசலில் வைத்தேன். வீட்டுக்குள் அந்தப் பெண் எதையோ வைத்துப் பல்லைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. “நிறுத்து கண்ணு” என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த உரிமையில் சொல்வது என்று தெரியாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.